அகலம், குழிவு, முனை: சவரக்கத்தி பற்றி வாசகர்கள் கேட்டவை

முதன்முதலாக மடக்குச் சவரக்கத்தி வாங்கப் போகிறேன். 4/8, 5/8, 6/8, 8/8 என்று போட்டிருக்கிறதே, எதை எடுப்பது?

அது கத்தியின் தடித்த முதுகிலிருந்து வெட்டும் வாய் வரையுள்ள அகலம். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்த கணக்கு. 5/8 என்றால் ஏறத்தாழ 16 மி.மீ., 6/8 என்றால் 19 மி.மீ. இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள். 4/8 மூக்குக்குக் கீழே சுலபமாக நுழையும். ஆனால் சீக்கிரம் நுரை நிரம்பி, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை துடைக்க வேண்டிவரும். 8/8 கன்னத்தில் நிதானமாக இறங்கும். மேலுதட்டுக்கு வந்ததும் அதன் முதுகு மூக்கில் இடித்து, சரியான கோணத்தில் பிடிக்க விடாது.

என் தாடி முரடு. ‘ஃபுல் ஹாலோ’ வேண்டாம், கனமான கத்தி வாங்கு என்கிறார்கள். சரியா?

பாதிதான் சரி. கத்தியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கனமான ஆப்பு வடிவக் கத்தியில் முதுகிலிருந்து வாய் வரை இரு பக்கமும் ஏறக்குறைய நேராகச் சரியும். இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்டு கத்திகள் பல இந்த வடிவம்தான். ஹாலோ கத்தியில் இரு பக்கமும் சக்கரத்தில் கடைந்து குழிவாக்கியிருப்பார்கள். கால், அரை, முழு எனக் குழிவு ஏற ஏற வாய்ப்பக்கத் தகடு மெலியும். ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் இந்த முழுக் குழிவில்தான் பேர் வாங்கின.

ஆனால் முடியை அறுப்பது வாயின் கடைசி விளிம்பு மட்டுமே. அந்த விளிம்பின் கோணத்துக்கும் குழிவுக்கும் சம்பந்தம் இல்லை. தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படுகின்றன. ஆகவே முதுகின் தடிப்பும் கத்தியின் அகலமும்தான் கோணத்தைத் தீர்மானிக்கும். 16 மி.மீ. அகலத்துக்கு 4.5 மி.மீ. முதுகு என்றால், எந்தக் குழிவானாலும் கோணம் 16 டிகிரி அளவில் நிற்கும். ஒரே அளவில், ஒரே கல்லில் நன்றாகத் தீட்டிய ஆப்பும் முழுக் குழிவும் கூரில் சமம்தான்.

கைக்கும் கன்னத்துக்கும்தான் வித்தியாசம் தெரியும். முழுக் குழிவுத் தகடு மெல்ல வளையும். முதுகைத் தோலிலிருந்து 30 டிகிரிக்கு மேல் தூக்கிப் பிடித்தால், முரட்டு முடியில் வாய் துடித்துத் தத்தும். தோலில் சிவப்புக் கோடு விழும். ஆப்பு அப்படித் துடிக்காது, தன் கனத்திலேயே இறங்கும். ஆனால் அது ஊமை. முழுக் குழிவு ஒவ்வொரு இழுப்பிலும் ‘சர்ர்’ என்று பேசும். அந்தச் சத்தம் மாறினால் கோணம் மாறிவிட்டது, அல்லது நுரை காய்ந்துவிட்டது என்று அர்த்தம். புதிதாகப் பழகுகிறவருக்கு இந்தச் சத்தம் பெரிய வாத்தியார். இன்னொன்று, ஆப்பில் அகலமான இரும்புப்பரப்பு கல்லில் தேய வேண்டியிருப்பதால், தீட்ட நெடுநேரம் ஆகும்.

உங்களுக்கு அரைக் குழிவு, 6/8 பொருந்தும். அதைவிட முக்கியம், வெந்நீரில் நனைத்த துணியை 3 நிமிடம் தாடியில் வைத்திருப்பது. நீர் ஏறிய முடி மிருதுவாகிவிடும். முதல் சுற்று முடியின் வாட்டத்தில், இரண்டாவது குறுக்கே. எதிர்வாட்டத்துக்கு முதல் மாதம் போக வேண்டாம்.

காது மடலில் அடிக்கடி கீறிக்கொள்கிறேன். என்னுடையது சதுர முனைக் கத்தி.

சதுர முனையில் மூலை வரைக்கும் கூர் இருக்கும். கிருதாவின் ஓரத்தை நேராக எடுக்கவும் மீசை ஓரம் ஒதுக்கவும் அதுதான் வசதி. காதுக்கு அதுவே ஆபத்து. கத்தியை நிமிர்த்திப் பிடித்து, மூலையை மட்டும் நனைத்த 1000 எண் (கல்லின் நயத்தைக் குறிக்கும் எண்) தீட்டுக்கல்லில் இரண்டு மூன்று முறை அழுத்தாமல் உரசுங்கள். அரை மில்லிமீட்டர் மழுங்கினால் போதும். மூலையை நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள், பிடிக்காமல் வழுக்க வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் வட்ட முனையே வாங்கிவிடலாம்.

சலூனில் பாதி பிளேடு போடும் கத்தியை வீட்டுக்கு வாங்கினேன். முகமெல்லாம் எரிகிறது. கூர் அதிகமா?

கூர் மட்டும் காரணமில்லை. பிளேடின் தடிப்பு 0.1 மி.மீ.தான், பிடியில் இறுக மாட்டியிருப்பதால் வளைந்து கொடுக்காது. இரண்டு மூலையும் வெட்டும். கத்திக்குக் கனமும் இல்லை, அதனால் கை தன்னையறியாமல் அழுத்திவிடும். எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. முதுகைத் தோலுக்கு இன்னும் தாழ்த்தி, ஒரு அங்குலத்துக்கு மேற்படாத சின்னச் சின்ன இழுப்பாக இழுங்கள். மற்றக் கையால் தோலை விறைப்பாகப் பிடியுங்கள். பிளேடை உறையோடு நீளவாக்கில் மடித்து உடைத்தால் விரலில் படாது.

சலூனில் இந்த வகை வேண்டும் என்பதற்கு நியாயம் உண்டு. ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. எல்லாம் ரத்தத்தில் பரவுபவை. ஆளுக்கொரு புது பிளேடு மாற்றுகிறாரா என்று கண்ணால் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

தாத்தா வைத்திருந்த கத்தி கிடைத்தது. வாய் நேராக இல்லை. சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். சக்கரத்தின் சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாரித்து, இரும்பின் பதம் போய்விடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

வாய் வெளிப்பக்கம் வளைந்திருந்தால் குறையே இல்லை. தாடையின் பள்ளத்தில் அது நேர் வாயைவிட நன்றாகப் பொருந்தும். தீட்டும்போது அடிப்பக்கத்திலிருந்து முனை வரை, கையைச் சற்றே உருட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். நடுவில் உள்வாங்கியிருந்தால் மட்டும் சிக்கல். இரு ஓரமும் வெட்டும், நடு வெட்டாது. சோதிக்க, வாயோரம் இரு பக்கமும் மார்க்கரால் கறுப்படித்து, நனைத்த தட்டைக் கல்லில் ஒருமுறை லேசாக இழுங்கள். மை மிச்சமிருக்கும் இடத்தில் கல் படவில்லை. அந்த அளவுக்கு ஓரங்களை இறக்கியாக வேண்டும். கை பழகியவர் செய்கிற வேலை அது. வாயை ஒட்டிக் கரும்புள்ளியாகத் துரு அரித்திருந்தாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, சவரத்துக்கு எடுக்காமல் நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தோல்வாரில் தினமும் தீட்டியும் ஒரே வாரத்தில் மழுங்குகிறது.

திருப்பும் இடத்தைக் கவனியுங்கள். முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். கடைசியில், முதுகை வாரிலிருந்து எடுக்காமல் அதன் மேலேயே கத்தியை உருட்டித் திருப்ப வேண்டும். முதுகைத் தூக்கினால் அந்த ஒரு நொடியில் வாய் வாரில் குத்தி உருண்டுவிடும். வார் தொய்வாக இருந்தாலும் இதே கதிதான். விறைப்பாக இழுத்துக் கட்டி, கத்தியின் கனம் மட்டும் படும்படி, போய்வர ஒன்று என்று 40 முறை. முழுக் குழிவுக்கு இந்த மென்மை கட்டாயம், அழுத்தினால் தகடு வளைந்து விளிம்பு தப்பிவிடும்.