மட்சாவின் தடிமன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பஸ்கா பண்டிகையில் யூதர்கள் உண்ணும் புளிப்பில்லாத அப்பமான மட்சா மெல்லிசாக, மொறுமொறுவென்றுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். யெமன் யூதர்கள் அதைச் சப்பாத்தி மாதிரி மெத்தென்று சுடுவதை ஒரு காணொளியில் பார்த்தேன். அவர்கள் சட்டப்படி அது செல்லுமா? தடிமனுக்கு அளவு உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

செல்லும். அளவும் உண்டு, ஆனால் ரொம்பத் தாராளமான அளவு.

யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூதில், பஸ்காவைப் பற்றிய பெசாகிம் பகுதியில் இந்த விவாதம் வருகிறது. ஷம்மாய், ஹில்லேல் என்ற இரண்டு பழைய குருமார்களின் மரபுகள் அங்கே மோதுகின்றன. பஸ்காவில் தடித்த அப்பம் சுடக்கூடாது என்கிறது ஷம்மாய் மரபு. சுடலாம் என்கிறது ஹில்லேல் மரபு. தடித்தது என்றால் எவ்வளவு? நான்கு விரற்கடை என்கிறார் ராவ் ஹூனா என்ற தல்மூத் அறிஞர், அதாவது சுமார் 8 செ.மீ. எருசலேம் ஆலயத்தில் கடவுள் முன் வைக்கப்பட்ட சமுகத்தப்பம் அந்தத் தடிமன், அதுவும் புளிப்பில்லாததுதானே என்பது அவர் வாதம்.

உடனே எதிர்வாதம் வருகிறது: தடித்த மாவு வேகுமுன் புளித்துவிட்டால்? ஆலயத்தில் சுட்டவர்கள் சுறுசுறுப்பான ஆசாரியர்கள், எல்லோரும் அப்படியா? அங்கே காய்ந்த விறகு, வீட்டில் ஈர விறகாக இருந்தால்? அங்கே உலோக அடுப்பு, இங்கே மண் அடுப்பு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அடுப்படியில் நின்று பார்த்தவர்களின் கேள்விகள். கடைசியில், 'தடித்த அப்பம்' என்றது நிறைய அப்பம் சுடுவதைத்தான் என்று வேறொரு விளக்கமும் வந்துவிடுகிறது.

ஆனாலும் 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்கான் அரூக் என்ற யூதச் சட்ட நூல், நான்கு விரற்கடைத் தடிமனில் சுடக்கூடாது என்றே சொல்கிறது. அதற்குக் குறிப்பு எழுதிய கிராக்கோவ் நகர மோசே இஸ்ஸர்லெஸ், மெல்லிசாகவே சுடுங்கள், அது சீக்கிரம் புளிக்காது என்று சேர்த்தார். அஷ்கெனாசிகள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்கள், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் மெத்தென்ற மட்சாதான் பழைய பழக்கத்துக்குப் பக்கம். ஹில்லேல் மட்சாவோடு கசப்புக் கீரையைச் சேர்த்துச் சுருட்டித் தின்றார் என்கிறார்கள். மொறுமொறு மட்சாவை எப்படிச் சுருட்டுவது?

மெல்லிசுக்கு ஒரு வசதி உண்டு, மறுக்கவில்லை. பண்டிகைக்கு முன்பே சுட்டு வைத்தால் கடைசி நாள் வரை கெடாது. பண்டிகை தொடங்கிவிட்டால் துளி புளிப்பு கலந்தாலும் மன்னிப்பில்லை என்பதால், முன்கூட்டியே சுட்டு முடிப்பது நிம்மதி.

மற்றபடி, பிசையாமல் சும்மா கிடக்கும் மாவுக்கு 18 நிமிடம்தான் கெடு, தாண்டினால் புளித்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அடுத்து, அப்பம் உள்ளே வரை வேக வேண்டும். அந்தக் காணொளியில் சுட்டதைப் பிய்த்துக் காட்டினார்களா? உள்ளே மாவு நூல் நூலாக இழுபடாவிட்டால் வெந்துவிட்டது என்று கணக்கு.