சொசைட்டிக் கடனை நண்பர் கட்டவில்லை. ஜாமீன் போட்ட என் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். கசப்பான பதில்தான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. “முதலில் அவரிடம் வசூல் பண்ணுங்கள்” என்று சங்கத்தை நீங்கள் கட்டாயப்படுத்த முடியாது.

பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களில் (ஊழியர்கள் சேமிக்கவும் கடன் வாங்கவும் நடத்தும் கூட்டுறவுச் சங்கங்கள்; பேச்சில் ‘சொசைட்டி’) தவணை சம்பளப் பட்டியலிலேயே பிடித்தமாகிவிடும். ஆள் வேலையை விட்டாலோ, சம்பளமில்லா விடுப்பில் போனாலோதான் சிக்கல். அப்போது சங்கம் முதலில் அவருடைய பங்குத்தொகையையும் சிக்கன சேமிப்பையும் கடனில் நேர்செய்ய வேண்டும் என்பேன். அது நடந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். கடன் கணக்கின் நகலும் வாங்குங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராத வட்டி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் சில சமயம் தொகையே குறையும்.

உங்கள் சம்பளத்தில் பிடிக்க நீங்கள் எழுதிக்கொடுத்த ஒப்புதல் கடிதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். (கையெழுத்துப் போடும்போது யார் படிக்கிறோம்!) தகராறு என்றால், தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன் 90-வது பிரிவில் தாவா (வழக்கு) போடலாம். தீர்ப்பு வந்தபின், அதை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு, ஜப்தி என்று போகும்.

அப்புறம், நீங்கள் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வைத்திருங்கள். அந்தத் தொகையை நண்பரிடமிருந்து திரும்பப் பெற இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 145-வது பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது.