கீரை ஓவரானா வயிறு ஏன் உப்புது?

கேள்வி: வெயிட் குறைக்கணும்னு கொஞ்ச நாளா மூணு வேளையும் பசலைக்கீரைதான் சாப்பிடறேன். வயிறு உப்புசமா இருக்கு, மோஷன் வேற பச்சையா போகுது. பயப்படணுமா?

பதில்: பயப்படாதீங்க, மோஷன்ல பச்சை கலர், கீரையில இருக்கற குளோரோஃபில்ங்கற பச்சை நிறமியால வர்றது, அளவைக் குறைச்சா தானா மாறிடும். உப்புசத்துக்குக் காரணம் நார்ச்சத்து, அதை நம்ம சிறுகுடலால செரிக்க முடியாது, பெருங்குடல்ல இருக்கற பாக்டீரியா அதை நொதிக்க வைக்கும்போதுதான் கேஸ் உருவாகுது, திடீர்னு அளவைக் கூட்டினா குடலுக்கும் பழக டைம் வேணும்ல. ஒரு வேளை மட்டும் நல்லா வேகவெச்சு சாப்பிடுங்க, தண்ணி நிறைய குடிங்க. மூணு வேளையும் கீரை மட்டும்ங்கறது எனக்குச் சுத்தமா சரியாப் படல, புரோட்டீன் எங்கேர்ந்து வரும்? முன்னாடி கிட்னி ஸ்டோன் வந்திருந்தா டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, பசலையில ஆக்சலேட் ஜாஸ்தி, கால்சியத்தோட சேர்ந்து கல்லா மாறக்கூடிய பொருள் அது. ரத்தம் கலந்து போனாலோ வலி விடாம இருந்தாலோ உடனே போய்க் காட்டுங்க.