சேமிப்பு என்று சொல்லி விற்றார்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

மூன்று மாத வங்கிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்று சென்ற முறை கேட்டிருந்தேன். பலர் எழுதியிருக்கிறீர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என்னைத் திட்டியிருந்த வரிகள் இடமில்லாததால்தான் போயின.

கேள்வி: சம்பளம் 62,000 ரூபாய். வாடகை, கடன் தவணை, மளிகை போக மாதம் 15,000 ரூபாயாவது மிஞ்ச வேண்டும். இருபதாம் தேதி பார்த்தால் 900 ரூபாய்தான் இருக்கிறது. ஆடம்பரம் எதுவும் கிடையாது. — கோவை

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் படித்தேன். ஒரே மாதத்தில் வீட்டுக்கு வரவழைத்த சாப்பாடு 23 முறை, 7,360 ரூபாய். இதை ஆடம்பரம் என்று நானும் சொல்லமாட்டேன், இது களைப்பு. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் சாம்பார் வைக்கச் சொல்வது அநியாயம். அடியோடு நிறுத்தினால் பத்தே நாளில் பழையபடி ஆகிவிடும். பாதியாகக் குறையுங்கள். தெருமுனைக் கடையில் தோசை மாவு கிடைக்கும்.

என்னை உறுத்தியது அந்தப் பட்டியலின் அடியில் இருக்கும் ஐந்து தானியங்கிப் பிடித்தங்கள். படம் பார்க்க இரண்டு, பாட்டுக்கு ஒன்று, புகைப்படங்களைச் சேர்த்துவைக்க ஒன்று, ஐந்தாவது என்னவென்று உங்களுக்கே தெரியவில்லை என்கிறீர்கள். அட்டையிலிருந்து இப்படி மாதாமாதம் எடுப்பவர்கள் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தகவல் வரத்தான் செய்கிறது. ஓடிபி இல்லாத குறுஞ்செய்தியை நாம்தான் படிப்பதில்லை.

எனக்குச் சொல்லத் தகுதி குறைவு. ஒரு யோகாசன வகுப்புக்கு மாதம் 299 ரூபாய் வீதம் 19 மாதம் கட்டியவன் நான். மொத்தம் 5,681 ரூபாய். ஆசனங்கள் முதல் வாரத்தோடு நின்றுவிட்டன. கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கியதும் கட்டணமும் நின்றுவிட்டது என்று நம்பியிருந்தேன். நிற்காது. யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்கும், வங்கியின் அட்டைப் பகுதிக்கும் போய் ஒவ்வொன்றாக ரத்து செய்ய வேண்டும். அதே வேகத்தில், சம்பளம் வந்த மறுநாள் 8,000 ரூபாய் தொடர் வைப்புக்குப் போகும்படியும் ஏற்பாடு செய்துவிடுங்கள். இருபதாம் தேதி மிச்சம் தேடும் வேலை இருக்காது.

கேள்வி: நடைப்பயிற்சி இயந்திரம் 60 சதவீதத் தள்ளுபடியில் 18,999 ரூபாய்க்கு வருகிறது. பிற்காலத்தில் மருத்துவச் செலவு மிச்சமாகும் அல்லவா? — திருநெல்வேலி

ஒரு மாதம் தெருவில் நடந்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: கிரெடிட் கார்டில் 1,20,000 ரூபாய் பாக்கி. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். எதிர்காலத்துக்காக மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாயும் போடுகிறேன். இதை 8,000 ஆக உயர்த்தலாமா? — சென்னை

கூடாது. உங்கள் அட்டைக்கு மாத வட்டி 3.5 சதவீதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1,20,000-க்கு அது 4,200 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 756 ரூபாய். ஆக 4,956. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை 6,000 ரூபாயில் அசலுக்குப் போவது 1,044 ரூபாய். 'தவறாமல்' என்ற சொல்லைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, வங்கிக்கு உங்களைவிடப் பிடித்தமான வாடிக்கையாளர் இருக்க முடியாது.

ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக்கொண்டு, 12 சதவீதம் கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில் பணம் போடுகிறீர்கள். ஃபண்டில் சேர்ந்ததை எடுங்கள், போதாவிட்டால் வங்கியில் தனிநபர் கடன் வாங்குங்கள். அதன் வட்டி இதில் பாதிகூட இருக்காது. பாக்கியை முழுவதுமாக அடைத்துவிட்டு அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அதுவரை முதலீட்டைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: சேமிக்க வேண்டும் என்று கணவர் தினமும் வாங்கும் பாலில் அரை லிட்டரைக் குறைத்துவிட்டார். மாதம் 700 ரூபாய் மிச்சமாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கைப்பேசியை மட்டும் மாற்றுகிறார், கடைசியாக வாங்கியது 54,000 ரூபாய். — மதுரை

54,000-ஐ 24 மாதத்தால் வகுத்தால் மாதம் 2,250 ரூபாய். இந்த வரியைக் கத்தரித்து, அவர் காபி குடிக்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

அவருக்கு உண்மையிலேயே குறைக்க ஆசையிருந்தால் மின் அட்டையைப் பார்க்கட்டும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு விலை குறைவு. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை கழன்றுவிடும். நீங்கள் அனுப்பிய கடைசி மூன்று ரசீதும் 510, 522, 507. குளிர்சாதனத்தை இரண்டு மணி நேரம் முன்னதாக நிறுத்தினால் போதும். பால் பழையபடி வரட்டும்.

கேள்வி: மகளுக்கு 6 வயது. நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் கட்டுகிறேன். 11 மாதம் கட்டினால் சேதாரம் கிடையாது என்கிறார்கள். இது நல்ல முதலீடுதானே? — கும்பகோணம்

சேதாரம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் ஆசாரி உமியோட்டில் ஊதி, அரத்தால் ராவிச் செய்த காலத்தில் தங்கத் தூள் கொஞ்சம் பறந்தது, அதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். இன்று இயந்திரம் பின்னுகிற சங்கிலிக்கும் 14 சதவீதம், 18 சதவீதம் என்கிறார்கள். உதிர்ந்த தூளைக் கூட்டி அள்ளி உருக்கிக்கொள்வதும் அவர்கள்தான். சேதமானது யாருடையது?

கணக்கைப் பாருங்கள். ஒரு லட்ச ரூபாய்த் தங்கம், சேதாரம் 14 சதவீதம் என்றால் 1,14,000. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 3,420. பில் 1,17,420 ரூபாய். கடையைவிட்டு இறங்கி அடுத்த கடையில் ஏறி விற்றால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை, அதிலும் சிலர் கழிப்பார்கள். தங்கம் 17 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். கல் வைத்த நகையென்றால் கல்லுக்குக் கொடுத்த காசும் போனது.

உங்கள் திட்டத்தில் அந்தச் சேதாரம்தானே தள்ளுபடி என்பீர்கள். விதிகளை வரிவிடாமல் படியுங்கள். பெரும்பாலும் ஒரு வரம்பு இருக்கும், அதைத் தாண்டிய சேதாரத்தை நீங்கள் கட்ட வேண்டும். முதிர்ந்ததும் ரொக்கம் கிடைக்காது, நகைதான். கட்டிய 55,000 ரூபாய்க்குச் சரியாக ஒரு நகை எந்தக் கடையிலும் இருந்ததில்லை. 70,000 ரூபாய்க்கு ஒன்று இருக்கும், அது உங்கள் மகளுக்கு எடுப்பாகவும் இருக்கும்.

பதினொரு மாதம் என்பதும் ராசி பார்த்து வைத்ததல்ல. 2014-இல் வந்த நிறுவன வைப்புத்தொகை விதிகளின்படி, ஓராண்டுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது முன்பணம், தாண்டினால் வைப்புத்தொகை. வைப்புத்தொகைக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். எனவே பன்னிரண்டாவது மாதத்துக்குள் கணக்கை முடித்துவிடுகிறார்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, நகைக்கடையில் கட்டியதற்கு அப்படி எதுவும் இல்லை. கடை மூடிய மறுநாள் அட்டையோடு வாசலில் நின்றவர்களின் கடிதங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன.

அடுத்த ஆண்டே ஒரு வளையல் வாங்கும் எண்ணமிருந்தால் இந்தத் திட்டத்தில் கட்டுங்கள், தவறில்லை. வாங்கும்போது நகையில் பொறித்திருக்கும் எச்யுஐடி என்ற ஆறு இலக்க ஹால்மார்க் குறியீட்டை, இந்திய தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபாருங்கள். ஆனால் அது நகை வாங்கும் செலவு, செலவுப் பக்கத்திலேயே எழுதுங்கள். மகளின் படிப்புக்கென்றால் அஞ்சலகத்தில் செல்வமகள் திட்டம் இருக்கிறது. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை கட்டலாம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது, காலாண்டுக்கு ஒருமுறை அரசு அதைப் பரிசீலிக்கும். அங்கே யாரும் குளிர்பானம் தரமாட்டார்கள்.

கேள்வி: டெலிகிராம் குழு ஒன்றில் பங்குச்சந்தைக் குறிப்பு தருகிறார்கள். மாதம் 30 சதவீதம் லாபம் என்கிறார்கள். நம்பலாமா? — ஓசூர்

வெளியே வாருங்கள். பணம் அனுப்பியிருந்தால் இதைப் படித்து முடிப்பதற்கு முன் இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

கேள்வி: அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த ஒரு லட்ச ரூபாயை நிரந்தர வைப்பில் போட வங்கிக்குப் போனார். இதில் வட்டி கூடுதல் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்திருப்பது காப்பீட்டுப் பத்திரம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் பத்து ஆண்டு கட்ட வேண்டுமாம். பத்திரம் வந்து 12 நாள் ஆகிறது. அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். — திண்டுக்கல்

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். பணம் திரும்பும். பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. உங்களுக்கு 18 நாள் மிச்சம்.

வங்கியில் போய் நிற்க வேண்டாம். மேலாளர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார், அதற்கடுத்த வாரம் விடுப்பில் இருப்பார். காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதுங்கள். பத்திர எண், கையில் கிடைத்த தேதி, நிரந்தர வைப்பு என்று சொல்லி விற்றார்கள் என்ற உண்மை, பணத்தைத் திருப்பித் தரும்படி ஒரு வரி. மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலிலும் இன்றே அனுப்புங்கள். பத்திரம் வந்த உறையை வீசிவிடாதீர்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. முத்திரைத்தாள் செலவு, காப்பீடு நடப்பில் இருந்த நாட்களுக்கான சிறு தொகை ஆகியவை கழியும்.

மறுத்தால் அந்த ஆணையத்தின் புகார் எண்ணான 155255-இல் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடுகிறவரிடம் நாற்பது பக்கத் தாளை நீட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். படித்துப் பார்க்கக் கூடாதா என்று யாராவது அம்மாவைக் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: வயது 26. இரண்டு லட்சம் சேர்த்துவிட்டேன். மாமா, நிலத்தில் போடு, நிலம் ஏமாற்றாது என்கிறார். வேன் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், முன்பணம் கேட்கிறார்கள். — விழுப்புரம்

பிரியாணி போட்டார்களா? 2013-இல் எனக்குப் போட்டார்கள். செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு மனை வாங்கினேன், குலுக்கலில் ஒரு குக்கரும் விழுந்தது. 2016-இல் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டபோதுதான் என் மனைக்கு அங்கீகாரம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டி, அலைந்து, சரிசெய்தேன். இன்றும் அதை வாங்க ஆளில்லை. குக்கர் நன்றாக விசிலடிக்கிறது.

உங்கள் இரண்டு லட்சம் நிலத்துக்கானதல்ல. ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கி வைப்பில் போடுங்கள், உங்களுக்கும் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுங்கள். மாமா விடமாட்டார் என்றால் டிடிசிபி என்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண்ணும், ரெரா என்ற மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். எட்டு மனைக்கு மேல் பிரித்திருந்தால் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். எண் வரும்வரை முன்பணம் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.