டென்னிஸ் மட்டை: கேட்டதும் சொன்னதும்

பல வருடங்களாக டென்னிஸ் மட்டைகளுக்கு ஸ்ட்ரிங் (முகத்தில் வலைபோல் பின்னும் இழை) கட்டிக் கொடுத்து வருகிறேன். மட்டை களத்தில் எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: மட்டையை மாற்றும் முன் ஸ்ட்ரிங்கை மாற்றிப் பாருங்கள். பந்தைத் தொடுவது அது மட்டும்தான்.

அப்பாவின் பழைய மர மட்டை வீட்டில் இருக்கிறது. அதற்கும் என் கார்பன் மட்டைக்கும் எடையைத் தவிர என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி. முதலில் முகத்தின் அளவு. மர மட்டையின் முகம் ஏறக்குறைய 65 சதுர அங்குலம். 1976-இல் ஹோவர்ட் ஹெட் பிரின்ஸ் நிறுவனத்தில் 110 சதுர அங்குல மட்டையைக் கொண்டுவந்தார். இன்று பெரும்பாலானவை 95-க்கும் 105-க்கும் நடுவில் வந்து நிற்கின்றன.

அடிக்க நிறைய இடம் கிடைப்பது மட்டும் லாபம் இல்லை. முகம் அகலமானால், ஓரத்தில் பந்து பட்டாலும் மட்டை கையில் திருகிக்கொள்வது குறையும். டாப்ஸ்பினுக்கு, அதாவது பந்து முன்னோக்கிச் சுழல, கீழிருந்து மேலே வேகமாக இழுக்கிறோம் இல்லையா? அப்போது பந்து நடுவை விட்டு விலகிப் படத்தான் செய்யும். மர மட்டையில் அப்படி இழுத்தால் பந்து ஃபிரேமில் பட்டுத் தெறித்துவிடும். இன்றைய வீச்சு முழுக்க இந்த அகலத்தை நம்பித்தான் வளர்ந்தது.

அடுத்தது விறைப்பு. பந்து மோதும்போது மரம் வளைந்து கொடுக்கும். பந்து ஸ்ட்ரிங்கில் இருப்பதே சுமார் 5 மில்லி விநாடிதான். வளைந்த மரம் நிமிர்வதற்குள் பந்து கிளம்பிவிடும், அந்தச் சக்தி வீண். கார்பன் குறைவாக வளைவதால் குறைவாக வீணாக்கும். பதிலுக்கு அதிர்ச்சி கைக்கு வரும். அப்பாவின் மட்டையில் ஒருநாள் ஆடிப் பாருங்கள், நடுவில் பட்டால் அந்த மென்மையே தனி.

முகம் 98 சதுர அங்குலமா, 100-ஆ? இரண்டு மாதமாகக் குழப்பம்.

அகலத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். எடையையும் சமநிலையையும் பாருங்கள்.

ஸ்ட்ரிங்கை எவ்வளவு இறுக்கமாகக் கட்டினால் பந்து வேகமாகப் போகும்? எனக்கு 60 பவுண்டு போதவில்லை.

நேர் எதிர். இறுக்கினால் வேகம் குறையும். 100 அங்குல உயரத்திலிருந்து ஒரு பந்தைக் கெட்டியான தரையில் போட்டால் 53 முதல் 58 அங்குலம்தான் எழும்ப வேண்டும் என்பது விதி. அதாவது நசுங்கி விரிவதிலேயே பந்து பாதிக்குக் கொஞ்சம் குறைவான சக்தியைத் தின்றுவிடுகிறது. ஸ்ட்ரிங் அப்படி இல்லை, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். ஆகவே பந்து நசுங்குவதைக் குறைத்து ஸ்ட்ரிங்கை அமுங்க விட வேண்டும். அதற்குத் தளர்வுதான் வேண்டும்.

(60 பவுண்டு கேட்டவரே) ஒத்துக்கொள்ள மாட்டேன். கெட்டியாக இருந்தால்தானே அடி பலமாக விழும்? பழைய சாம்பியன் சாம்ப்ராஸ் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிக்கொண்டுதானே அப்படி சர்வீஸ் போட்டார்?

சாம்ப்ராஸுக்கு வேகம் தோளிலும் வீச்சிலும் இருந்தது. 85 சதுர அங்குல மட்டையில் இயற்கை நரம்பை (விலங்கின் குடலில் செய்த ஸ்ட்ரிங்) இறுக்கிக் கட்டியது அந்த வேகத்தைக் கோட்டுக்குள் வைக்கத்தான்.

உங்களை நம்ப வைப்பது சத்தம். இறுக்கமான ஸ்ட்ரிங் ‘டங்’ என்று உயர்ந்த சுருதியில் ஒலிக்கும், கையிலும் சுள்ளென்று தெரியும். அதைப் பலம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் தளர்வாகக் கட்டியவுடன் என் பந்து ஏன் இரண்டடி வெளியே போகிறது? வேகம்தானே?

இதற்காகவே உங்கள் விவாதத்தை வரவேற்கிறேன். 10 பவுண்டு குறைத்தாலும் வேகத்தில் கூடுவது மிகச் சொற்பம். கூடுவது கோணம். தளர்ந்த ஸ்ட்ரிங்கில் பந்து ஆழமாக அமுங்கி, சற்று அதிக நேரம் தங்கி, கொஞ்சம் மேல்நோக்கிக் கிளம்புகிறது. வலைக்கு மேல் ஒரு சாண் உயர்ந்தாலே மறுபக்கம் எவ்வளவு தூரம் போய் விழும் என்று யோசியுங்கள். 60-லிருந்து ஒரேயடியாக இறங்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பவுண்டு குறையுங்கள், வீச்சு தானாகப் பழகிக்கொள்ளும்.

எந்த மட்டை வாங்கலாம்?

எத்தனை நாளாக ஆடுகிறீர்கள், இப்போது கையில் என்ன இருக்கிறது, எது பிடிக்கவில்லை? இது மூன்றும் தெரியாமல் சொல்ல முடியாது.

பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கில் ஸ்பின் அதிகம் என்கிறார்களே, சொரசொரப்பினாலா?

வழுக்குவதனால். பந்து மோதும்போது நெட்டு இழைகள் (மட்டையின் நீளவாக்கில் ஓடுபவை) பக்கவாட்டில் நகர்ந்து, பந்து கிளம்பும் முன் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. அந்தத் திரும்பல் பந்தைச் சுழற்றிவிடுகிறது. இழைகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்க வேண்டும். 1977-இல் ‘ஸ்பகெட்டி’ என்ற இரட்டை அடுக்குக் கட்டில் இதே வித்தை மிகையாக நடந்தது. நஸ்டாசே என்ற வீரர் அதை வைத்து ஆட, எதிரே ஆடிய வில்லாஸ் பாதியில் விலகினார். களிமண் தளத்தில் வில்லாஸின் நீண்ட வெற்றித் தொடர் அங்கேயே முடிந்தது. பிறகு விதியே மாறி அந்தக் கட்டு தடையானது. 1997-இல் குவெர்டென் என்ற வீரர் பாலியஸ்டரோடு பிரெஞ்சு ஓப்பன் வென்ற பிறகு எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ஆனால் அறுகிற வரை ஆடாதீர்கள். பாலியஸ்டர் அறுவதற்கு வெகு முன்பே செத்துவிடும். நடுவில் ஒரு நெட்டு இழையை விரலால் தள்ளி விடுங்கள். சொடுக்கென்று திரும்பினால் உயிர் இருக்கிறது. தள்ளிய இடத்திலேயே கோணலாக நின்றால், குறுக்கு இழை பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே வெட்டிவிடுங்கள்.

முழங்கை வலிக்கிறது. எட்டு மாதமாக அதே பாலியஸ்டர், 58 பவுண்டு.

முதலில் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள். அதுவரை அந்த மட்டையைத் தொட வேண்டாம். திரும்ப ஆடும்போது மல்டிஃபிலமென்ட் (மெல்லிய நார்கள் பல சேர்ந்த, மென்மையான) ஸ்ட்ரிங், 50 பவுண்டுக்குப் பக்கமாக. அறுகிற வரை ஆடாதீர்கள் என்று மேலே சொன்ன எச்சரிக்கை உங்களுக்காகத்தான்.

டாம்பனர் (ஸ்ட்ரிங்கில் செருகும் சின்ன ரப்பர்) போட்டால் முழங்கைக்கு நல்லதா?

இல்லை. அது ஸ்ட்ரிங்கின் ஒலியை மட்டும் அடக்கும். ஃபிரேமின் அதிர்வு அப்படியே கைக்கு வரும்.

மட்டையின் எடையைக் கூட்ட ஈயப் பட்டை ஒட்டலாமா?

தாராளமாக, ஆனால் கொஞ்சமாக. நுனியில் 1 கிராம் ஒட்டினால் வீச்சு எடை (வீசும்போது மட்டை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) 3 புள்ளிக்கு மேல் கூடும். அதே 1 கிராமைக் கைப்பிடியில் ஒட்டினால் ஏறக்குறைய ஒன்றுமே கூடாது. பந்து ஓரத்தில் பட்டு மட்டை திருகுகிறது என்றால் முகத்தின் இரு பக்கமும், கடிகாரத்தின் 3, 9 இருக்கும் இடங்களில், ஒட்டுங்கள்.

எந்த மட்டை வாங்கலாம்? இப்போது வைத்திருப்பதில் பந்து ஆழமாகப் போகவில்லை.

ஸ்ட்ரிங் போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று?

வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. மூன்று வருடம்.

மாற்றுங்கள். ஒரு மாதம் ஆடிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

60 பவுண்டுக்காரன்தான். சரி, 58 கட்டிப் பார்க்கிறேன். வித்தியாசம் தெரியுமா?

கைக்குத் தெரியும். 56 வரும்போது பந்து விழும் இடத்திலும் தெரியும். ஆனால் ஸ்ட்ரிங்கின் வகையையும் கனத்தையும் இப்போது மாற்றாதீர்கள். இறுக்கத்தோடு அவற்றையும் சேர்த்து மாற்றினால் எது செய்த வேலை என்று சொல்ல முடியாது.