கணினி மேடை: நாற்பது பழைய பெட்டிகளும் ஒரு ஸ்விட்சும்

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக்கில் 40 பழைய டெஸ்க்டாப்கள் ஓரங்கட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் நெட்வொர்க்கில் இணைத்தால் சூப்பர் கம்ப்யூட்டர் ஆகிவிடும் என்கிறார் ஓர் ஆசிரியர். முதல்வரிடம் அனுமதி கேட்கலாமா?
– லேப் உதவியாளர், ஈரோடு

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மனுவில் 'சூப்பர் கம்ப்யூட்டர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆண்டு மலரில் அச்சாகிவிடும். அப்புறம் வருகிற விருந்தினர்களுக்கெல்லாம் நீங்கள்தான் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இப்படிச் செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹார்குரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் என்ற இருவர், 1990-களின் நடுவில், கிளஸ்டர் (ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும்படி கோத்த கணினிக் கூட்டம்) கட்டப் பணம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கழித்துக்கட்டிய 486, பென்டியம் செயலி உள்ள பழைய பெட்டிகளைப் பொறுக்கி ஓர் அறையில் அடுக்கினார்கள். லினக்ஸ் போட்டு ஈதர்நெட்டில் கோத்தார்கள். நல்ல பெட்டி ஒன்று வந்து சேர்ந்தால், இருப்பதில் மெதுவான ஒன்று வெளியே போகும். அதில்தான் அமெரிக்க நிலப்பரப்பை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மண்ணும் தட்பவெப்பமும் ஒத்துப்போகும் பகுதிகளை வகைப்படுத்திய வரைபடத்தைக் கணக்கிட்டார்கள். கட்டங்கள் சுமார் 78 லட்சம். வேகமான பெட்டியும் மெதுவான பெட்டியும் கலந்து கிடந்ததால் வேலையைச் சமமாகப் பங்கு போடவில்லை. சின்னச் சின்னத் துண்டாக்கி, எது முடித்துவிட்டு வந்து நிற்கிறதோ அதற்கு அடுத்த துண்டைக் கொடுத்தார்கள். உங்கள் 40 பெட்டிகளும் ஒரே வருடம் வாங்கியவையாக இருக்காது. இதை நினைவில் வையுங்கள்.

எடுத்த எடுப்பில் 40 வேண்டாம். நான்கில் ஆரம்பியுங்கள். நான்கிலும் ஒரே பதிப்பு லினக்ஸ், ஒரே பயனர் பெயர், ஒரே பயனர் எண். ஒன்றைத் தலைமையாக வைத்து அதன் ஹோம் ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) மூலம் மற்றவற்றுக்குப் பகிருங்கள். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் எஸ்எஸ்எச் வழியே நுழைய முடிய வேண்டும். எம்பிஐ (நிரலின் பகுதிகள் கணினிகளுக்கிடையே செய்தி பரிமாற உதவுவது) நூலகமும் எல்லாவற்றிலும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகு நிரல் பிழை எதுவும் காட்டாமல் அப்படியே நின்றுவிட்டால், பத்தில் எட்டு தடவை, நெட்வொர்க் தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வால்தான் காரணம். எம்பிஐ தனக்குத் தோன்றிய போர்ட் எண்களில் பேசும். ஃபயர்வால் அதை விடாது. லேபுக்குள் மட்டும் அந்த போர்ட்களைத் திறந்துவிடுங்கள், இணையத்துக்கு அல்ல.

முதல்வர் கேட்கப்போவது மின்கட்டணம். பெட்டிக்கு 100 வாட் என்று வைத்தால் 40-க்கு 4 கிலோவாட். பத்து மணி நேரம் ஓடினால் 40 யூனிட், ஏசி தனி. இன்றைக்கு 64 கோர் உள்ள ஒரே ஒரு புதுச் சர்வர் இந்த மொத்த வரிசையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆகவே நிஜமான கணக்கு வேலைக்கு இது கட்டுப்படியாகாது. மாணவர்கள் கற்றுக்கொள்ள என்றால் இதைவிட நல்ல பொருள் கிடைக்காது என்பேன். ஒரே சர்வரில் நெட்வொர்க்கின் வலி தெரியவே தெரியாது.

கேள்வி: எம்பிஐயில் அணி (மேட்ரிக்ஸ்) பெருக்கல் நிரல் எழுதினேன். 200-க்கு 200 அணி. ஒரு கணினியில் ஓடியதைவிட 8 கணினியில் ஓடியபோது அதிக நேரம் ஆகிறது. விடை சரியாகவே வருகிறது. என் நிரலில் என்ன தவறு?
– இறுதியாண்டு மாணவர், திருநெல்வேலி

தம்பி, நிரலில் தவறில்லை. கணக்குதான் சின்னது.

காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். 200-க்கு 200 அணியைப் பெருக்க 200 × 200 × 200, அதாவது 80 லட்சம் பெருக்கல்-கூட்டல். சுமாராக எழுதிய சி நிரல் ஒன்றுக்கு ஒரு நானோ நொடி எடுத்துக்கொண்டால் மொத்தம் 8 மில்லி நொடி. இப்போது நெட்வொர்க். ஓர் அணியில் 40,000 எண்கள், எண்ணுக்கு 8 பைட், ஆக 3.2 லட்சம் பைட். கிகாபிட் ஈதர்நெட்டில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் போகும். அணி ஒரு தடவை கேபிளில் போக 3 மில்லி நொடி. இரண்டாவது அணி முழுசாக எட்டுப் பேருக்கும் போக வேண்டும். ஒருவர் இருவராகி, இருவர் நால்வராகிப் பரப்பினாலும் மூன்று சுற்று, 9 மில்லி நொடி. முதல் அணியைப் பிரித்து அனுப்ப 3, விடையைத் திரட்ட 3. கணினிகளுக்கிடையேயான பேச்சுக்கே 15 மில்லி நொடி ஆயிற்று. கணக்கு 8-லிருந்து 1-க்குக் குறைந்து என்ன பயன்?

அதே நிரலில் எண்ணை மட்டும் 2000 ஆக்கிப் பாருங்கள். பக்கம் பத்து மடங்கானால் அனுப்ப வேண்டிய தரவு 100 மடங்குதான்; பெருக்கல்களோ 1000 மடங்கு. தனி ஆளாக 8 நொடி எடுத்த வேலை, எட்டுப் பேருடன் கணக்குக்கு ஒரு நொடி, பேச்சுக்கு ஒன்றரை நொடி, ஆக இரண்டரை நொடியில் முடியும். எட்டு மடங்கு வேகம் இல்லை, மூன்று மடங்கு. அதுவே நல்ல பலன்தான். புராஜெக்ட் அறிக்கையில் கூச்சப்படாமல் எழுதுங்கள். 200, 500, 1000, 2000 என்று ஓட்டி, எந்த இடத்தில் எட்டு ஒன்றை முந்துகிறது என்று வரைபடம் போடுங்கள். விடை சரியாக வந்த திரைப் படத்தைவிட அந்த வரைபடத்தைத்தான் தேர்வாளர் உற்றுப் பார்ப்பார். நான் பார்ப்பேன்.

2000-லும் மெதுவாகவே இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும்; கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். லேபில் அவசரமாகக் கிரிம்ப் செய்த முனையில், மீதி நான்கில் ஒரு கம்பி ஒட்டாமல் போனால், இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பிரவுசர் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, உங்கள் நிரலுக்குத் தெரியும். 'எத்டூல்' கட்டளை எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடும். நான் லேப் பார்த்துக்கொண்ட நாட்களில், புதிதாக ஒரு வரிசையைச் சேர்த்தால் நிரலைத் தொடுவதற்கு முன் எட்டுப் பெட்டியிலும் அதைத்தான் முதலில் ஓட்டுவேன்.

இன்னொரு சங்கதி. நிரலில் பிரிக்கவே முடியாத பகுதி என்று ஒன்று இருக்கும்: கோப்பைப் படிப்பது, முடிவை எழுதுவது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஊசியில் நூல் கோக்க முடியாது அல்லவா? கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார். அந்தப் பகுதி 10 சதவீதம் என்றால் 8 கணினியில் 4.7 மடங்கு, 40 கணினியில் 8 மடங்கு. ஆயிரம் கணினி போட்டாலும் 10-ஐத் தொடாது.

கேள்வி: திருமண வீடியோக்களுக்கு பிளெண்டர் மென்பொருளில் அனிமேஷன் செய்கிறோம். இறுதிப் படங்களாக ரெண்டர் ஆக ஒரு நாள் முழுக்க எடுக்கிறது. கடையில் ஆறு கணினிகள் உள்ளன. எம்பிஐ கற்றுக்கொள்ள வேண்டுமா?
– ஸ்டூடியோ உரிமையாளர், சிவகாசி

வேண்டவே வேண்டாம். மேலே உள்ள தம்பியின் தலைவலி உங்களுக்கு இல்லை. ஒரு ஃபிரேமுக்கு (அனிமேஷனின் ஒரு தனிப்படம்) அடுத்த ஃபிரேமிடம் கேட்க எதுவும் கிடையாது. பேச்சே இல்லாத வேலை. நொடிக்கு 24 வீதம் ஒரு நிமிடத்துக்கு 1,440 ஃபிரேம், ஆறு பெட்டிக்கு ஆளுக்கு 240. 1995-ல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்தையே சன் நிறுவனத்தின் 117 கணினிகளில் இப்படிப் பிரித்துத்தான் ரெண்டர் செய்தார்கள்.

பிளெண்டரிலேயே வழி இருக்கிறது. அவுட்புட்டை வீடியோவாக வைக்காமல் பிஎன்ஜி படங்களாக வையுங்கள். எல்லாக் கணினிக்கும் தெரிகிற ஒரு பொது ஃபோல்டரைக் காட்டுங்கள். 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட்டு 'பிளேஸ்ஹோல்டர்ஸ்' டிக்கைப் போடுங்கள். ஆறிலும் அதே கோப்பைத் திறந்து ரெண்டரை அழுத்துங்கள். ஒவ்வொரு பெட்டியும் தான் எடுக்கும் ஃபிரேமுக்கு ஒரு வெற்றுக் கோப்பை வைத்து இடம் பிடிக்கும். மற்றவை அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகும். வேகமான கணினி தானாகவே அதிக ஃபிரேம் செய்துவிடும். நடுவில் ஒன்று நின்றுபோனால் அதன் வெற்றுக் கோப்பு அப்படியே கிடக்கும். ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கினால் பூஜ்ஜியம் பைட் கோப்புகள் கண்ணில் படும். அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஆறிலும் ஒரே பிளெண்டர் பதிப்பு, ஒரே தமிழ் எழுத்துரு. இல்லாவிட்டால் மணமகள் பெயர் ஆறு ஃபிரேமுக்கு ஒருமுறை கட்டம் கட்டமாக வரும்.

கேள்வி: 8 ஜிபி ராம் உள்ள பத்துக் கணினிகளை இணைத்தால் 80 ஜிபி ராம் உள்ள ஒரே கணினி போலப் பயன்படுத்தலாமா?
– வாசகர், கும்பகோணம்

முடியாது. அவரவர் ராம் அவரவருக்கு. பக்கத்துக் கணினியின் தரவு வேண்டுமானால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் லேபில் பகலில் மாணவர்கள் இருப்பார்கள், இரவில் காலி. காலியாக இருக்கும்போது மட்டும் கணக்கு ஓட வழி உண்டா?
– உதவிப் பேராசிரியர், மதுரை

இதற்கென்றே 1980-களில் பிறந்தது 'காண்டார்' என்ற மென்பொருள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மிரோன் லிவ்னி குழுவினர் செய்தது; இப்போது பெயர் எச்டிகாண்டார், இலவசம். கீபோர்டை யாரும் தொடாத கணினியாகப் பார்த்து வேலையைக் கொடுக்கும். மாணவர் வந்து உட்கார்ந்தால் வேலையை நிறுத்தி வேறிடம் கொண்டுபோகும். ஒன்றோடொன்று பேசாத ஆயிரம் தனித்தனி வேலைகளுக்குப் பிரமாதம். மென்பொருளில் சிக்கல் வராது. மாலை லேப் பூட்டுகிறவர் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்; அவரிடம் முதலில் பேசுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் யாராவது பெரிய அளவில் இப்படிக் கிளஸ்டர் கட்டியிருக்கிறார்களா?
– ஆசிரியை, சென்னை

உங்கள் ஊரிலேயே. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-ல் 'கப்ரு' என்ற கிளஸ்டர் அமைந்தது. 144 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜியான் செயலி இரண்டு. நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள் என்ற ஒரு டெராஃபிளாப் எல்லையைத் தொட்டது. உலகின் 500 பெரிய கணினிகள் பட்டியலிலும் இடம் பெற்றது.

எனக்குப் பிடித்தது அதன் கம்பி வேலை. எல்லாப் பெட்டிகளையும் நடுவில் ஒரு ஸ்விட்சில் கொண்டுபோய்ச் செருகவில்லை. நீளம், அகலம், உயரம் என மூன்று திசையிலும் பக்கத்துப் பெட்டியோடு நேரடியாக இணைத்து, கடைசிப் பெட்டியை முதலோடு சேர்த்து வளையமாக்கினார்கள். காரணம், அதில் ஓட்ட நினைத்த இயற்பியல் கணக்கு. அணுக்கருத் துகள்களின் உள்விசையைக் கணிக்க வெளியையே புள்ளிக் கட்டமாக்குவார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளியோடு மட்டும்தான் பேச்சு. கணக்கில் யாருக்கு யார் பக்கத்து வீடோ, கம்பியிலும் அவர்களே பக்கத்து வீடு. பெட்டி எத்தனை என்று முடிவு செய்வதற்கு முன் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: நடு இரவில் கரண்ட் போய் ஒரே ஒரு கணினி மட்டும் நின்றாலும், எட்டுக் கணினியில் ஓடிய எம்பிஐ வேலை முழுவதும் வீணாகிறது. எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் வாங்க வசதி இல்லை.
– ஆராய்ச்சி மாணவி, காரைக்குடி

எம்பிஐ வழக்கமாக அப்படித்தான். ஒருவர் விழுந்தால் மொத்த வேலையையும் நிறுத்திவிடும். நிரலே அரை மணிக்கு ஒருமுறை தன் நிலையைக் கோப்பில் எழுதி, மறுபடி தொடங்கும்போது அதைப் படிக்கும்படி செய்யுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் பழையதும் போச்சு, புதியதும் அரைகுறை. வேறு பெயரில் எழுதி, முழுசாக டிஸ்க்கில் இறங்கியதும் பெயரை மாற்றுங்கள். யுபிஎஸ் இரண்டு மட்டும் வாங்க முடிந்தால், ஒன்று கோப்புகள் இருக்கும் தலைமைக் கணினிக்கு, மற்றது ஸ்விட்சுக்கு.