வாசகர் கேள்விகள்: எம்.ஜி.எம். சிங்கம்

கேள்வி: ஹாலிவுட் பட நிறுவனமான எம்.ஜி.எம்.மின் படங்களின் தொடக்கத்தில் வரும் சிங்கத்தைக் கட்டிப்போட்டுக் கர்ஜிக்க வைத்ததாக வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படம் வந்தது. அது உண்மையா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: உண்மையல்ல. நோயுற்ற ஒரு சிங்கத்தை இஸ்ரேலில் ஸ்கேன் எடுப்பதற்காகக் கிடத்தியிருந்தபோது எடுத்த படத்தோடு நிறுவனத்தின் முத்திரையை யாரோ ஒட்டிப் பரப்பிவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் கோட்டைக் கோயில் மண்டபத்து யாளியைப் போல ஒரு சின்னம் அந்நிறுவனத்துக்கு எப்படி வந்தது? அந்தக் குரல் சிங்கத்தினுடையதுதானா? (வாசகி, வேலூர்)

பதில்: ஜலகண்டேஸ்வரர் கோயில் யாளி கற்பனை விலங்கு, இதுவோ உயிருள்ள சிங்கங்களைப் பழக்கிப் படமெடுத்தது. 1916இல் தொடங்கிய கோல்ட்வின் பிக்சர்ஸில் விளம்பரப் பொறுப்பிலிருந்த ஹோவர்ட் டீட்ஸ், தாம் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சிங்கச் சின்னத்தை மனத்தில் கொண்டு இதை அமைத்தார். 1924இல் மெட்ரோ, கோல்ட்வின், லூயிஸ் பி. மேயர் ஆகிய மூன்று நிறுவனங்களையும் திரையரங்க அதிபர் மார்கஸ் லோ ஒன்றிணைத்தபோது, கோல்ட்வினின் சிங்கமே புதிய நிறுவனத்தின் சின்னமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், நிறுவனத்தின் பெயரில் இன்றளவும் நிற்கிற சாமுவேல் கோல்ட்வின் அதற்கு முன்பே அங்கிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார், எம்.ஜி.எம்.மை நடத்துவதில் அவருக்குப் பங்கே இருந்ததில்லை.

முதலில் வந்த ஸ்லாட்ஸ் ஊமைப்பட காலத்துச் சிங்கம். திரையில் அது அக்கம்பக்கம் பார்த்ததோடு சரி. அடுத்து வந்த ஜாக்கியின் கர்ஜனையை 1928இல் கிராமபோன் தட்டின் வழியே அரங்குகளில் ஒலிக்கவிட்டார்கள். 1957 முதல் நாம் பார்த்துப் பழகியது லியோ; இளம் சிங்கமாதலால் அதன் பிடரி மயிர் மற்றவற்றினும் குறைவாக இருப்பதை உற்று நோக்கினால் காணலாம். 1982இல் கர்ஜனையைப் புதிதாக அமைத்த ஒலிக்கலைஞர் மார்க் மேஞ்சினி, சிங்கத்தின் குரலில் போதிய மூர்க்கம் இல்லையென்று கருதிப் புலியின் உறுமலைச் சேர்த்தார். ஆகவே, தங்கள் ஐயம் நியாயமானதே. 2021 முதல் வருவது லியோவைப் பார்த்துக் கணினியில் வரைந்த சிங்கம்.

கேள்வி: அமேசான் வாங்கிய பிறகு பழைய எம்.ஜி.எம். படங்கள் யாவும் அதற்கே சொந்தமா? (வாசகர், ஆற்காடு)

பதில்: இல்லை. 845 கோடி டாலருக்குப் பேசி, 2022 மார்ச்சில் அமேசான் வாங்கி முடித்தது. ஆனால், 1986இல் நிறுவனத்தை வாங்கிச் சில மாதங்களிலேயே கைகழுவிய அமெரிக்கத் தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னர், அதுவரை வெளிவந்த எம்.ஜி.எம். படங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பின்னர் அவை வார்னர் பட நிறுவனத்தின் வசம் சென்றன. எனவே அந்தப் பழைய படங்களின் முகப்பில் கர்ஜிப்பது எம்.ஜி.எம். சிங்கம், வருவாய் சேர்வது வார்னருக்கு.